பதினான்கு துண்டாக ஒரு நோயின் பெயர்

எனக்கு ஆங்கிலம் தெரியாது என்று யாராவது சொன்னால் இப்போதும் சுருக்கென்று கோபம் வரும். படித்தது ஆறாம் வகுப்புதான், அதுவும் தமிழ்ப் பள்ளிக்கூடம். ஆனால் ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பொறுத்தவரை அறுபதுகளில் தேக்கா வட்டாரத்தில் என்னை மிஞ்ச ஒரு பெண்ணும் கிடையாது. மருந்துக்கடைக்காரர் திக்குவார், கிளினிக்கில் சீட்டு எழுதுகிற பையன் விழிப்பான். நான் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு நிற்பேன்.

குளூகோஸ் சிக்ஸ் பாஸ்பேட் டிஹைட்ராஜினேஸ் டிஃபிஷன்சி.

இப்போது எல்லோரும் ஜி சிக்ஸ் பி டி என்று நாலு எழுத்தில் முடித்துவிடுகிறார்கள். அப்போதும் டாக்டர்கள் தங்களுக்குள் அப்படித்தான் சுருக்கிப் பேசிக்கொண்டார்கள். ஆனால் வெளியே இருக்கிற கிளினிக்குகளில் சுருக்கம் புரியாமல் போகலாம் என்று, முழுப் பெயரையும் ஓர் அட்டையில் எழுதி என் கையில் கொடுத்தார்கள். அட்டை எப்போதும் கையோடு இருக்காது, அதனால் வாயிலும் இருக்கட்டும் என்றார் மிஸ்ஸி. ஆஸ்பத்திரித் தாதிகளை நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இவர் தமிழர், என் வயதுதான் இருக்கும். கழுத்தில் சின்னதாக ஒரு சிலுவை. நான் பார்த்த அத்தனை நாளும் அவர் குரல் உயர்ந்ததில்லை.

எனக்கு அப்போது மூன்றாவது குழந்தை பிறந்திருந்தது. ஆண் குழந்தை. பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை எடுத்துச் சோதிப்பது அந்தச் சமயத்தில்தான் வழக்கத்துக்கு வந்திருந்தது. மறுநாளே மிஸ்ஸி என் கட்டிலுக்கு வந்து உட்கார்ந்தார்.

"பயப்படாதீங்கக்கா. புள்ளைக்கு ரத்தத்துல ஒரு சத்து கொறைவா இருக்கு, அவ்வளவுதான். சில மாத்திரை ஆகாது. சீன மருந்துக்கடையில விக்கிற வேரு ஆகாது. பாச்சா உருண்டை இருக்குல்ல, அது போட்டு வெச்ச துணிகூட ஆகாது. மேல பட்டா ரத்தம் உடைஞ்சு மஞ்ச காமாலை வந்துடும். அது மூளைக்கு ஏறிட்டா அப்புறம் ஒன்னும் பண்ண முடியாது."

"பாச்சா உருண்டைன்னா, துணிப் பெட்டியில போடுற வெள்ளை உருண்டையா?"

"அதேதான். வீட்ல இருந்தா தூக்கிப் போட்டுடச் சொல்லுங்க."

எங்கள் வீட்டில் அது இல்லை. அது இருந்தது நீசூனில், என் நாத்தனார் வீட்டு டிரங்குப் பெட்டியில்.

நாத்தனார் என் கணவருக்கு அக்கா. மூன்று ஆண் பிள்ளைகளைப் பெற்று மூன்றையும் ஆளாக்கியவர். எங்கள் பக்கத்து வழக்கப்படி, பிறந்த குழந்தைக்கு எடுத்தவுடன் புதுத்துணி போடக் கூடாது. பிள்ளைகள் நல்லபடியாகத் தங்கிய வீட்டிலிருந்து பழந்துணி வர வேண்டும். அதுதான் முதலில் உடம்பில் பட வேண்டும். அந்தத் துணியோடு அந்த வீட்டுப் பிள்ளைகளின் ஆயுசும் வரும் என்பார்கள். நாத்தனார் தன் மூன்று பையன்களும் போட்டுக் கழித்த சட்டைகளையும், மெல்லிய வேட்டியைக் கிழித்துத் தைத்த சுற்றுத்துணிகளையும் துவைத்து மடித்து, பூச்சி அரிக்காமல் பாச்சா உருண்டை போட்டு வைத்திருந்தார். சொந்தத்தில் யாருக்குக் குழந்தை பிறந்தாலும் அந்தப் பெட்டி திறக்கும்.

ஐம்பதுகளின் கடைசியில் என் மூத்தவன் பிறந்தபோதும் திறந்தது. வீட்டிலேயே பிரசவம், அரசாங்க மருத்துவச்சி வந்து பார்த்தாள். நாத்தனார் வந்து தங்கி எனக்குப் பத்தியம் சமைத்தார். குழந்தையைக் குளிப்பாட்டி, எண்ணெய் தடவி, தன் துணியில் சுற்றிப் போட்டவரும் அவர்தான். மூன்றாம் நாள் குழந்தையின் கண் மஞ்சளாயிற்று. நான்காம் நாள் பால் குடிக்கவில்லை. ஐந்தாம் நாள் உடம்பை வில்லாக வளைத்துக்கொண்டு கீச்சுக் குரலில் அழுதான். டாக்சி பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆறாம் நாள் வெறும் கையோடு திரும்பி வந்தோம்.

துக்கம் கேட்க வந்த பெண்களிடம் நாத்தனார் மாடிப்படியருகே நின்று சொன்னது உள்ளே படுத்திருந்த என் காதில் விழுந்தது. "தாய்ப்பால்ல ஏதோ கோளாறு. புள்ளைக்கு ஒத்துக்கல."

அவர் வேண்டுமென்று சொல்லவில்லை. யாருக்கும் காரணம் தெரியாதபோது ஏதாவது ஒன்றைச் சொல்லத்தானே வேண்டும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அப்போது எனக்கு இருபத்தோரு வயது, மார்பில் பால் கட்டி வலித்துக்கொண்டிருந்தது. எட்டு வருஷம் அந்தச் சொல்லை உள்ளேயே வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட்டிருக்கிறேன், தலைவாரி விட்டிருக்கிறேன், தீபாவளிக்குக் காலில் விழுந்திருக்கிறேன். அடுத்துப் பிறந்த பெண்ணுக்கும் அதே துணிதான் சுற்றினார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் துணிமேல் யாருக்கும் ஒரு நாளும் சந்தேகம் வரவில்லை. பெண் குழந்தைகளை இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது என்று மிஸ்ஸி சொல்லித்தான் எனக்கே தெரிந்தது.

ஆகவே அன்று ஆஸ்பத்திரிக் கட்டிலில், பாச்சா உருண்டை என்ற பேச்சைக் கேட்டதும் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை. ஒரு சந்தோஷம் எட்டிப் பார்த்தது. என் பால் இல்லை, அவர் துணி! இதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

சந்தோஷம் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. "என் புள்ளைக்கு ஏன் மிஸ்ஸி இது வந்துச்சு?" என்று நானே வாயைக் கொடுத்தேன்.

"இது அம்மா வழியா வர்றதுக்கா. உங்களை ஒன்னும் செய்யாது. ஆனா ஆம்பளப் புள்ளைக்கு இறங்கிடும். உங்க தப்பு இல்லக்கா, யார் தப்பும் இல்ல."

சும்மா இருந்த சங்கை நானே ஊதிக் கெடுத்துக்கொண்டேன். மாலையில் கணவர் பார்க்க வந்தபோது மாத்திரை, சீனக்கடை வேர், பாச்சா உருண்டை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா வழியாக வருவது என்பதை மட்டும் மென்று விழுங்கிவிட்டேன்.

குழந்தையை மூன்று வாரம் ஆஸ்பத்திரியிலேயே வைத்துப் பார்த்துக்கொண்டார்கள். என்னை முன்னாலேயே அனுப்பிவிட்டார்கள். தினமும் தேக்காவிலிருந்து நடந்து போய்ப் பால் கொடுத்துவிட்டு வருவேன். மற்ற நேரமெல்லாம் அந்தப் பெயரோடு மல்லுக்கட்டுவேன்.

கணவர் துறைமுகத்தில் ஓர் அலுவலகத்தில் டைப் அடிக்கிற வேலையில் இருந்தார். வரி முடிகிற இடத்தில் நீளமான சொல் வந்தால் அதை எங்கே உடைக்கலாம், எங்கே உடைக்கக் கூடாது என்று டைப்பிஸ்டுகளுக்குக் கணக்கு உண்டு. அட்டையைப் பார்த்ததும் பென்சிலை எடுத்துச் சொல்லுக்கு நடுவே சின்னச் சின்னக் கோடுகள் போட்டார். நான் அதைக் கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கத்தில் தமிழில் எழுதிக்கொண்டேன். குளூ, கோஸ், சிக்ஸ், பாஸ், பேட். இதுவரை சண்டை இல்லை. டி, ஹை, ட்ரா என்று வந்ததும் ஆரம்பித்தது.

அவர் கணக்கில் அடுத்த துண்டு ஜென், அதற்கடுத்தது ஏஸ். "உடைச்சா ஜென்னு உடைக்கணும். அதுதான் முறை" என்றார்.

"உங்க மெஷின்ல அப்படி உடையும். என் வாயில ஜி, னேஸ்னுதான் உடையுது."

"உன் வாயில எதுதான் முழுசா வந்துச்சு லா?"

"அப்போ நீங்களே பெத்து, நீங்களே பால் குடுத்து, நீங்களே சொல்லிக்குங்க."

அவர் சிரித்துவிட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டார். நான் சொன்னதில் தப்பில்லை. தமிழ் பேசுகிற நாக்கு மெய்யெழுத்தைத் தனியாக நிற்க விடாது, பின்னால் வருகிற உயிரோடு சேர்த்துவிட்டுத்தான் ஓயும். ஜென் என்று நிறுத்தி ஏஸ் என்று தொடங்க வேண்டுமென்றால் நடுவில் மூச்சை ஒரு தரம் முடிச்சுப் போட வேண்டியிருக்கிறது. அந்த வம்பு எனக்கு எதற்கு?

அடுத்த வம்பு அழுத்தம். சீன டாக்டர் சொல்லும்போது ட்ராவைத் தூக்கிச் சொன்னார். மிஸ்ஸி ஹையைத் தூக்கினார். எது சரி என்று கேட்டேன். "ரெண்டும் சொல்லுவாங்கக்கா, ஏதாவது ஒன்னைத் தூக்கினா சரி" என்றார். நமக்கு அந்தப் பழக்கம் கிடையாது. பந்தியில் எல்லா இலைக்கும் ஒரே கரண்டிச் சோறு என்பதுபோல எல்லா எழுத்தையும் சமமாகச் சொல்லிக்கொண்டு போகிறவர்கள் நாம். ஒன்றை மட்டும் தூக்கு என்றால் எதைத் தூக்குவது, மற்றதை எங்கே வைப்பது?

நான் வீட்டில் தையல் தைத்துக்கொண்டிருந்தேன். ரவிக்கையும் பள்ளிக்கூடச் சட்டையும். கடைசியில் அந்த மெஷின்தான் கைகொடுத்தது. மிதியை ஒரு மிதி மிதித்தால் ஒரு துண்டு. குளூ, கோஸ், சிக்ஸ். ஹை வரும்போது மட்டும் பாதத்தைக் கொஞ்சம் பலமாக ஊன்றுவேன், தலையும் தானாக நிமிரும். டி, ஃபி, ஷன், சி என்று இறங்கி முடிப்பேன். மொத்தம் பதினான்கு மிதி. இரண்டு நாளில் துண்டுகள் ஒட்டிக்கொண்டன. ஒரு வாரத்தில் தையல் தெரியாத ஒரே சொல்லாகிவிட்டது. ஆறு வயது மகள் கூடவே கேட்டுக்கொண்டிருந்து, நான் ஒரு வாரம் பட்ட பாட்டை ஒரு சாயங்காலத்தில் முடித்துக் கயிறு தாண்டும்போது பாட்டாகப் பாடினாள். பிள்ளைகளின் நாக்குக்கு எலும்பே இல்லை.

இவ்வளவு உழைப்பும் குழந்தைக்காகத்தான் என்று கணவர் நினைத்தார். பாதி அது உண்மை. மீதிப் பாதி, தொட்டிலில் போடுகிற நாளுக்காக. குழந்தை வீட்டுக்கு வந்ததும் நாத்தனார் மூட்டையோடு வருவார். அக்கம்பக்கத்துப் பெண்கள் இருப்பார்கள். அவர்கள் முன்னால் அந்தப் பெயரைப் பிசகில்லாமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, எட்டு வருஷமாகச் சொல்லாத ஒரு வரியையும் சொல்ல வேண்டும். "என் பால்ல கோளாறு இல்ல அண்ணி. உங்க பெட்டியிலதான் கோளாறு." இதையும் மெஷினில் உட்கார்ந்து மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். இதற்கு எந்த எழுத்தைத் தூக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கணவருக்கு என் முகம் தெரியும். குழந்தையை அழைத்துவரப் போன காலையில் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார். "அக்காகிட்ட டாக்டர் வேணாம்னுட்டாருன்னு மட்டும் சொல்லு. மத்தது வேணாம். அது தாங்காது."

நான் எட்டு வருஷம் தாங்கவில்லையா என்று இருந்தது.

தொட்டிலில் போட வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் இரண்டு பஸ் மாறி வந்தார். மாடிப்படி ஏறும்போதே மூட்டையின் வாடை வந்துவிட்டது. கீழ்வீட்டு அம்மாளும் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேரும் பாயில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எங்க என் மருமவன்? கொண்டா இங்க. அத்தை துணி போட்டுட்டுத்தான் தொட்டில்." முகமெல்லாம் சிரிப்பு. மூட்டையை அவிழ்த்துக்கொண்டே கிட்டே வந்தார்.

நான் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் நகர்ந்தேன். "வேணாம் அண்ணி. புள்ளைக்கு ஒரு குறை இருக்கு" என்று தொடங்கி, அந்தப் பெயரைச் சொன்னேன். பதினான்கு துண்டும் தங்குதடையின்றி வந்தது. ஹையில் தலை நிமிர்ந்தது.

கீழ்வீட்டு அம்மாள் வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, "ஏம்மா, இது நோய் பேரா, ரயில் வண்டியா? வந்துக்கிட்டே இருக்கு லா!" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்தார்.

"சரி, அது இருக்கட்டும். அதுக்கும் துணிக்கும் என்ன?"

"பாச்சா உருண்டை ஆகாது அண்ணி. அந்தத் துணி மேல பட்டா மஞ்ச காமாலை வந்துடும்."

அதற்குமேல் சொல்ல ஒரு வரி பாக்கி இருந்தது. சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. மஞ்சள் காமாலை என்றதும் அவர் கை மூட்டையின்மேல் அப்படியே நின்றது. சிரிப்பு முகத்தில் இருந்தபடியே அதிலிருந்து உயிர் மட்டும் போய்விட்டது. மற்றவர்கள் கவனிக்கவில்லை. கணவர் தலையைக் குனிந்துகொண்டார். நாத்தனார் மூட்டையை மறுபடி கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. அதை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனார்.

நான் எட்டு வருஷம் காத்திருந்தது இதற்குத்தான். கிடைத்தபோது கையில் வாங்க முடியவில்லை.

குழந்தையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுப் பின்னால் போனேன். மூட்டையைப் பின்படியில் வைத்துவிட்டு அவர் சமையல்கட்டில் தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னைத் திரும்பிப் பார்க்காமலே பேசினார்.

"பெரியவனுக்கு நான்தானே போட்டேன்."

நான் கதவருகே நின்றேன்.

"அஞ்சு நாளும் அதுலதான் சுத்தி வெச்சிருந்தேன். மழைக்காலம், குளிருமேன்னு ரெண்டு சுத்து சுத்துனேன். மஞ்சளா இருக்கேன்னு நல்லா இறுக்கிச் சுத்துனேன்." பிறகு, "என் மூணு பசங்களுக்கும் ஒன்னும் ஆகலையே. அவனுக்கு மட்டும் ஏன்?" என்றார்.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். தெரியாது அண்ணி, டாக்டருக்கே தெரியாதாம் என்று சொல்லியிருக்கலாம். அந்த நீளமான பெயரை இன்னொரு தரம் சொன்னால் போதும், அதன் பின்னால் யாரும் எதையும் தேட மாட்டார்கள். கணவருக்குக்கூடத் தெரியாமல் கடைசிவரை இருந்திருக்கலாம். ஆனால் அவர் தொட்டியைப் பிடித்த பிடியை விடவே இல்லை. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

"உங்க புள்ளைங்களுக்கு இந்தக் குறை இல்ல அண்ணி. என் புள்ளைங்களுக்குத்தான். என் வழியா வர்றதாம். மிஸ்ஸி சொன்னாங்க. இதை நான் அவர்கிட்டகூடச் சொல்லல. துணி உங்களோடது, ரத்தம் என்னோடது. ரெண்டும் சேர்ந்துதான்..."

அவர் திரும்பிப் பார்த்தார்.

"பால்னு சொன்னேனே புள்ள உன்னை."

"ஆமா, சொன்னீங்க."

பரவாயில்லை என்று என் வாயில் வரவில்லை. பொய்யாக ஒன்றைச் சொல்ல அன்று எனக்கு மனமில்லை. அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. குழாயைத் திறந்து, துணி துவைக்கிற சவுக்காரத்தை எடுத்து முழங்கைவரை தேய்த்துக் கழுவினார். முகர்ந்து பார்த்தார். மறுபடி கழுவினார். மூன்றாவது தரமும் கழுவிவிட்டு, தன் முந்தானையை மூக்கருகே கொண்டுபோனார்.

"இதுலயும் வாடை இருக்கு. உன் சேலை ஒன்னு குடு."

கொடியிலிருந்து நான் வீட்டில் கட்டுகிற நூல்சேலையை எடுத்துக் கொடுத்தேன். சமையல்கட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ரவிக்கை உட்பட மாற்றிக்கொண்டு வந்தார். என் ரவிக்கை அவருக்குத் தோளில் பிடித்தது. முன்னறைக்கு வந்து கணவர் எதிரே நின்றார். கேட்டது என்னைப் பார்த்து.

"இப்ப குடுப்பியா?"

குழந்தையை வாங்கி அவர் கையில் கொடுத்தேன். அவர் அவனை அணைத்துக்கொள்ளவில்லை. இரண்டு கையையும் நீட்டி, தன் உடம்பில் படாமல் தள்ளியே பிடித்துக்கொண்டு நின்றார். குழந்தை காலை உதைத்தான். எதிர்வீட்டுப் பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் கிட்டே போய், அவர் முழங்கைகளை மெல்ல மடக்கி, குழந்தையை அவர் நெஞ்சோடு சேர்த்து வைத்தேன்.